“அவரைக் கூட்டிட்டுப் போயாச்சு, போன் பண்ணாதீங்க”: 2015 சென்னை வெள்ளத்தில் ஒரு கூகுள் ஷீட்

வெள்ளத்தில் சிக்கியவர்களின் கோரிக்கைகளைச் சேர்த்த ஷீட் அது; பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய இணைய அட்டவணை. இதை எழுதுபவர் அந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்ட ஒன்பது பேரில் ஒருவர். உதவி கேட்டவர்கள், உதவியவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

2015 நவம்பர் முழுக்கச் சென்னை நனைந்துகொண்டேதான் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 செ.மீ.க்கு மேல் மழை. 1918க்குப் பிறகு அப்படியொரு நவம்பரை ஊர் பார்த்ததில்லை. ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை, மழை மறுபடியும் பிடித்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் வெளியேற, அடையாறு கரை மீறி முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வழியெங்கும் வீடுகளுக்குள் புகுந்தது.

விமான நிலையத்தை மூடினார்கள். பல பகுதிகளில் கரண்ட் இல்லை, அதனால் டிவியும் இல்லை. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. ஊரில் நடப்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாய்களில் முக்கியமானவை ஒரே நாளில் அடைத்துக்கொண்டன. அந்த இடத்துக்குச் சாதாரண ஆட்களின் கைபேசி வந்தது. எங்கே எவ்வளவு மழை என்று தெரிந்துகொள்ள, ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் பிரதீப் ஜான் எழுதும் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போகும் பழக்கம் நவம்பரிலேயே பலருக்கு வந்திருந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மக்களே தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் ட்விட்டரிலிருந்தே நிவாரணப் பொருட்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தார்கள். இவை நன்றாகப் பதிவானவை. இங்கே சொல்லப்போவது அவ்வளவாக வெளியே வராத ஒரு சின்ன வேலையைப் பற்றி.

புதன்கிழமை: ஷீட் பிறந்தது

டிசம்பர் 2 காலை, பழைய கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து லிங்க் போட்டார். கோயம்புத்தூரில் மூன்று பேர், பெங்களூரில் நான்கு பேர், சிங்கப்பூரில் ஒருவர், சென்னைக்குள் தண்ணீர் ஏறாத ஒரு பகுதியில் ஒருவர். எங்களிடம் இருந்ததெல்லாம் கரண்ட், நெட், நேரம். சிக்கியிருந்தவர்களிடம் இந்த மூன்றும் இல்லை. ஏற்பாட்டின் தர்க்கம் அவ்வளவுதான்.

வெள்ளம் பற்றிய ஹேஷ்டேக்கில் வரும் ட்வீட்டுகளையும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளையும் பார்த்து ஷீட்டில் ஏற்றுவோம். படகு வைத்திருப்பவர்களும் சாப்பாடு சமைப்பவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பெயர், முகவரி, போன், எத்தனை பேர், என்ன தேவை என்று ஐந்து பத்திகள் போட்டோம். தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்பதற்குப் பத்தி இல்லை. உதவி கிடைத்ததா என்பதற்கும் இல்லை. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை. வீடு தீப்பற்றி எரியும்போது யார் ரெஜிஸ்டரில் கோடு கிழித்துக்கொண்டிருப்பார்கள்?

மதியம் நிறையப் பேர் பின்தொடரும் ஒரு கணக்கு எங்கள் லிங்க்கைப் பகிர்ந்தது. சில நிமிடங்களில் ஷீட்டின் மேல் ஓரத்தில், பெயர் சொல்லாமல் உள்ளே வருபவர்களுக்குக் கூகுள் போட்டுக்காட்டும் விலங்கு முகங்கள் வரிசை கட்டி நின்றன. லிங்க் வைத்திருந்த யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அந்த மதியம் எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க வேண்டியதில்லை. ஊரே ஒரே தாளில் உட்கார்ந்து எழுதுகிறது என்று ஒருவர் குழுவில் போட்டார். எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டோம்.

கவனித்தது: தேதி இல்லாத “இன்னும் 2 மணி நேரம்”

ஷீட்டில் வந்த ஒரு கோரிக்கையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது.

ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. எழுபது தாண்டிய ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரை நம்பி இருந்தார். கூட அவர் மனைவி மட்டும். வெளிநாட்டில் இருந்த மகள் புதன் மதியம் 12 மணிவாக்கில் ட்விட்டரில் எழுதினார்: அப்பாவுக்கு இன்னும் 2 மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் இருக்கிறது, இதுதான் அம்மாவின் நம்பர். எழுதிய நேரத்தில் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிற்பகல் 3 மணிக்குள், பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து ஃபைபர் படகோடு வந்திருந்த மீனவர்கள் இருவரையும் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை அனுப்பியது எங்கள் ஷீட் அல்ல. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டிருக்கிறார். பெரியவர் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நன்றாகவே இருந்தார்.

செய்தி மட்டும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மாலை 6 மணிக்கு எங்கள் ஷீட்டில் அதே பெரியவர் ஆறு வரிகளில் இருந்தார். ஒன்றில் பெயரின் எழுத்து மாறியிருந்தது. ஒன்றில் ‘வயதான தம்பதி’ என்பது ‘முதியோர்கள்’ ஆகி, அதன் கீழே யாரோ ‘முதியோர் இல்லம்’ என்று திருத்தியிருந்தார்கள். ஆறிலும் மாறாமல் இருந்தது “இன்னும் 2 மணி நேரம்” மட்டும். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அது. படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இரவு 8 மணிக்குக் கோவையிலிருந்து எங்களில் ஒருவர் அந்த நம்பருக்குப் போட்டார். இருபது முறையாவது பிஸியாக இருந்த பிறகு எடுத்தார்கள்.

“அம்மா, உங்க வீட்டுக்குப் படகு வந்துச்சாம்மா?”

“தம்பி, அவரை மத்தியானமே கூட்டிட்டு வந்தாச்சுப்பா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். சாயங்காலத்துல இருந்து விடாம போன் வருது. சார்ஜ் தீரப்போவுது, எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. இனிமே யாரும் பண்ண வேணாம்னு நீ சொல்லிடுப்பா.”

உதவ நினைத்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒவ்வொருவரும் பகிர்வதற்கு முன் சரிபார்க்கலாம் என்று பொறுப்போடு ஒரு போன் போட்டிருக்கிறார்கள். பத்து சதவீதம் சார்ஜோடு ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு அந்தப் பொறுப்பே பெரும் பாரமாகிவிட்டது.

இதோடும் முடியவில்லை. வியாழன் காலை இன்னொரு படகுக் குழு, எங்கள் ஷீட்டிலிருந்த ஆறு வரிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போய், பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியது. போய்வர ஒன்றரை மணி நேரம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் படகு வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்க முடியும் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

புதன் இரவே இன்னொன்றும் நடந்திருந்தது. யாரோ ஒருவர், பகுதிவாரியாக அடுக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில், முகவரிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டார். பெயரும் போனும் அப்படியே இருக்க, முகவரிகள் மட்டும் இடம் மாறிக்கொண்டன. வேளச்சேரிக்காரருக்கு முடிச்சூர் முகவரி. நாற்பது நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். பழைய பதிப்பை மீட்டோம். மீட்டபோது அந்த நாற்பது நிமிடத்தில் சேர்ந்த வரிகள் போய்விட்டன. சிங்கப்பூர் நண்பர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து ஒட்டினார்.

வியாழக்கிழமை: எடுத்த முடிவுகள்

டிசம்பர் 3 காலை 7 மணிக்கு ஒன்பது பேரும் கான்ஃபரன்ஸ் காலில் பேசினோம். ஷீட்டைப் பூட்டுவதா, திறந்தே விடுவதா என்பதுதான் பெரிய சண்டை. பெங்களூர்த் தோழி ஒருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. “திறந்திருந்தா அது ஊரோட ஷீட். பூட்டினா நம்ம ஷீட். அப்புறம் நமக்கும் கவர்ன்மெண்ட் ஆபீசுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய நாள் அத்தனை தகவல் அத்தனை வேகமாகச் சேர்ந்ததற்குக் காரணமே யாரும் யாரிடமும் அனுமதி கேட்காததுதான்.

கடைசியில் பூட்டினோம். புதுத் தகவலை யார் வேண்டுமானாலும் கூகுள் ஃபார்ம் (நிரப்பி அனுப்பும் இணையப் படிவம்) வழியாகப் போடலாம், ஷீட்டில் கைவைப்பது மட்டும் நாங்கள் ஒன்பது பேர். ஃபார்மில் போட்டால் நேரம் தானாகவே பதிவாகிவிடும். அதற்காகவே ஃபார்ம். ‘நிலை’ என்று ஒரு பத்தி சேர்த்தோம்: ‘பேசியாச்சு’, ‘ஆள் போயிருக்கு’, ‘முடிந்தது’. மதியத்துக்குள் நாலாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டிவந்தது: ‘போன் போகவில்லை’. ஆரம்பத்தில் எங்களில் சிலர் போன் போகாத வரிகளை ‘முடிந்தது’ பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டவரும் சார்ஜும் செத்துப்போன ஊரில் போன் போகாததற்கு மீட்கப்பட்டார்கள் என்று அர்த்தமில்லை, இன்னும் மாடியிலேயே இருக்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

சிக்கியவரின் நம்பரைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது இரண்டாவது முடிவு. அந்த இடத்தில் எங்களில் ஒருவரின் நம்பர் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆள்தான். அவரும் முதலில் குறுஞ்செய்திதான் அனுப்ப வேண்டும், பதில் இல்லாவிட்டால் அரை மணி கழித்து ஒரே ஒரு போன். இதனால் எங்கள் போன்கள் அடுத்த மூன்று நாள் ஓயவில்லை. ஓயாமல் அடிக்கட்டும், எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் இருந்தது.

மூன்றாவது முடிவு, உதவி கிடைத்ததும் அந்தச் செய்தியைத் துரத்திக்கொண்டு போவது. எந்த ட்வீட்டிலிருந்து எடுத்தோமோ அதன் கீழேயே போய் ‘உதவி கிடைத்துவிட்டது, தயவுசெய்து அழித்துவிடுங்கள்’ என்று எழுதுவோம். ட்விட்டரில் இது ஓரளவு பலித்தது. வாட்ஸ்அப்பில் அதற்கு வழியே இல்லை. ஃபார்வர்டு ஆன செய்திக்கு வந்த பாதை தெரியாது, போன பாதையும் தெரியாது. தவிர, அப்போது அனுப்பிய செய்தியை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இல்லை.

அந்த நாட்களில் வதந்திகளும் இதே பாதையில்தான் ஓடின. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, நாசா 250 செ.மீ. மழை என்று சொல்லிவிட்டது என்பவை பலருக்கு நினைவிருக்கும். அவற்றை நாங்கள் ஷீட்டில் ஏற்றவில்லை, மறுத்து எழுதவும் போகவில்லை. வதந்தியாவது அடிப்படையே பொய். கேட்டால் மறுக்க ஆள் இருந்தார்கள். எங்களைத் தடுமாற வைத்தது, ஒரு காலத்தில் உண்மையாக இருந்து பிறகு காலாவதியான செய்தி. அதைப் பொய் என்று யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை: ஷீட்டில் இல்லாதவர்கள்

இப்போது வரிகளைப் பகுதிவாரியாக ஒழுங்காகவே அடுக்க முடிந்தது. அடுக்கியதும் தெரிந்தது வேறொரு கோளாறு. வேளச்சேரி, கோட்டூர்புரம், மணப்பாக்கம், முடிச்சூர் என்று வரிகள் குவிந்திருந்தன. ஆனால் ஆற்றங்கரையை ஒட்டியே குடியிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து, தண்ணீர் முதலில் புகுந்த வீடுகளிலிருந்து, விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லை.

காரணத்தை யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஷீட்டின் தலைப்பு முதல் கடைசிப் பத்தி வரை ஆங்கிலம். ஃபார்மும் ஆங்கிலம். ட்விட்டரில் இருந்தவர்களுக்காக ட்விட்டரில் இருந்தவர்கள் செய்தது. வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் பதிவாக வந்த கோரிக்கைகள், கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இல்லாமல் குழுவிலேயே கிடந்தன. ஹைதியில் 2010 நிலநடுக்கத்தின்போது 4636 என்ற எண்ணுக்கு அந்த மக்கள் தங்கள் கிரியோல் மொழியில் அனுப்பிய குறுஞ்செய்திகளை, வெளிநாடுகளில் இருந்த ஹைதியர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து, இடம் கண்டுபிடித்து அனுப்பினார்கள். எங்களுக்கு மொழிபெயர்ப்புகூடத் தேவைப்படவில்லை. ஒன்பது பேரும் தமிழர்கள். காதில் இயர்போனை மாட்டினால் போதும்.

அன்று மதியம் இரண்டு பேரைக் குரல் பதிவுகளுக்கென்றே உட்கார வைத்தோம். சென்னை நண்பர் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரையும் ஒரு கல்லூரிப் பையனையும் சைதாப்பேட்டைப் பக்கம் அனுப்பினார். பையன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். நோட்டில் முதல் பக்கத்தில் மேலே பெரிதாக எழுதி அடிக்கோடிட்டிருந்தது: “சாப்பாடு வேண்டாம்.”

மெயின் ரோட்டில் வண்டிகள் வந்து நின்று சாம்பார் சாதமும் புளிசாதமும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டேயிருந்தன. சாப்பிட ஆளில்லாமல் பொட்டலங்கள் ஊசிக்கொண்டிருந்தன. நோட்டில் இருந்தவை: பாய், போர்வை, நாப்கின், கைக்குழந்தைக்குப் பால் பவுடர், மண்ணெண்ணெய் ஸ்டவ், இட்லிக் குண்டான் ஒன்று (தெருவில் இட்லி விற்றுப் பிழைத்தவர் கேட்டது), பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், ரேஷன் கார்டு போய்விட்டது என்ன செய்வது என்ற கேள்வி பல முறை. எங்கள் ஃபார்மில் ‘என்ன தேவை’ என்பதற்கு நாங்கள் கொடுத்திருந்த தேர்வுகள் நான்குதான்: மீட்பு, உணவு, தண்ணீர், மருந்து. இட்லிக் குண்டானை எதில் சேர்ப்பது?

அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, வெறும் எழுதும் இடமாக விட்டோம்.

பின் நடந்தவை

சனி, ஞாயிறில் மழை விட்டுவிட்டு வந்தாலும் தண்ணீர் வடியத் தொடங்கியது. விமான நிலையம் திறந்தது. மீட்புக் கோரிக்கைகள் நின்று, சேறு அள்ள ஆள், பிளீச்சிங் பவுடர், மருந்து என்று ஷீட்டின் முகம் மாறியது. நிலைப் பத்தியில் பெரும்பாலானவை ‘முடிந்தது’ ஆயின. சில வரிகள் கடைசிவரை ‘போன் போகவில்லை’ என்றே நின்றன. அந்தப் பருவமழையில் தமிழகம் முழுக்க 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வரிகளைப் பார்க்கும்போது இந்த எண் நினைவுக்கு வராமல் இல்லை.

பூட்டியதற்கு ஒரு விலையும் இருந்தது. வியாழன் மதியம் ஃபார்மில் வந்த ஒரு கோரிக்கை, யாரும் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. திறந்த ஷீட்டாக இருந்திருந்தால் வேறு எவர் கண்ணிலாவது பட்டிருக்கும். பெங்களூர்த் தோழி இதைச் சொல்லிக்காட்டவில்லை. நாங்களே சொல்லிக்கொண்டோம். இன்னொரு பக்கம், பூட்டுவதற்கு முன்பே பலர் ஷீட்டை நகல் எடுத்துத் தங்கள் குழுக்களில் விட்டிருந்தார்கள். அந்த நகல்களில் பெரியவர் ஆறு முறை ஆக்சிஜனுக்காகக் காத்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த வருடம் 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று, எங்கள் குழுவில் ஒருவருக்கு அவருடைய அத்தை ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். அதே முகவரி, அதே நம்பர், இன்னும் 2 மணி நேரம்.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

திறந்த வலை எங்களுக்குக் கொடுத்தது சேர்க்கும் சக்தி. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. முடித்துவைக்கும் வேலை மட்டும் யார் தலையிலும் தானாக விழுவதில்லை. பகிர்ந்தவருக்கு நல்லது செய்த திருப்தி அப்போதே கிடைத்துவிடுகிறது. ‘முடிந்தது’ என்று போடுபவருக்கு லைக் வராது. அதனால் முதல் மணி நேரத்திலேயே ஒன்பதில் மூன்று பேரை முடிப்பதற்கென்றே ஒதுக்குவோம்.

ஷீட்டைப் பூட்டுவதும் திறப்பதும் இரண்டில் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. படிக்க எல்லோருக்கும், எழுத ஃபார்ம் வழியாக எல்லோருக்கும், திருத்த மட்டும் சிலருக்கு என்று முதல் நாளே வைத்திருக்கலாம். 2018 கேரள வெள்ளத்தில் அரசும் தன்னார்வலர்களும் சேர்ந்து கேரளரெஸ்கியூ என்ற ஒரே தளத்தில் கோரிக்கைகளைச் சேர்த்தார்கள். 2015இல் எங்களைப் போன்ற ஷீட்டுகள் எத்தனை இருந்தன என்று எங்களுக்கே தெரியாது. எங்களை மாதிரி ஒன்பது பேர் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, இருப்பதில் போய் உட்கார்ந்து போன் பேசுவது மேல். பெருமிதம் குறையும், பரவாயில்லை.

நோட்டு எடுத்துக்கொண்டு போகும் பையன் வெள்ளிக்கிழமை அல்ல, புதன்கிழமையே போயிருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் முடிச்சூரும் மறுபடி மூழ்கின. நாங்கள் ஷீட் எதுவும் திறக்கவில்லை. நண்பர் ஒருவரின் தெருவுக்கு மட்டும் பால், தண்ணீர், பவர் பேங்க் ஏற்பாடு செய்தோம். அதற்கு அனுப்பிய செய்தியின் முதல் வரியில் தேதியும் நேரமும் போட்டோம். கடைசி வரி இது: ‘இந்தச் செய்தி இன்று மாலை 6 மணி வரைதான். அதற்குப் பிறகு பகிர வேண்டாம்.’ சிக்கியவர்களின் நம்பருக்குப் பதில் என் நம்பரைக் கொடுத்திருந்தோம். மறுநாள் காலை 9 மணிக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, “சார், அங்க இன்னும் பால் வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம், எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். எந்தக் குழுவில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்தக் குழுவில் ‘முடிந்தது’ என்று போடச் சொன்னேன். போட்டுவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.